தறி ஓடும் வீட்டில் தலையை முட்டும் பிள்ளை: எங்கிருந்து தொடங்குவது?

1. தார்சுத்தி

வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டை, விசைத்தறி வீடு. பையனுக்கு 6 வயசு. ஆட்டிசம்னு சான்றிதழ் இருக்கு, பேச்சு இன்னும் வரல. அவன் அம்மா தறிக்குப் போனதும் சுவத்துல தலையை முட்டுறான். காலையில 5, 6 தடவை, சாயங்காலம் அதுக்கும் மேல. நெத்தி காய்ச்சுப் போச்சு. பாட்டி தூக்கினா நிக்கல. அம்மா தறியை நிறுத்திட்டு வந்து தூக்கினா உடனே நிக்குது. "அடம், கண்டுக்காம விடு"ங்கிறாங்க பாதிப் பேர். "ஒரு அடி போடு"ங்கிறாங்க மீதிப் பேர். தறிச் சத்தம் தாங்கலயா, அம்மா வேணுமா, ஒண்ணும் புரியல. தறியை நிறுத்தியே வச்சா கூலி போகும். வீட்டுல என்ன செய்யலாம்னு படிப்படியா சொல்லுங்க.

2. குகை ஸ்பெஷல் எஜுகேட்டர் (சேலம் குகைப் பகுதி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர்)

அடிக்கவும் வேண்டாம், கண்டுக்காம விடவும் வேண்டாங்க. தன்னையே காயப்படுத்திக்கிற பிள்ளைகிட்ட "கண்டுக்காம விடு"ங்கிறதை வீட்டுல தனியா செஞ்சு பார்க்கக் கூடாது. ஏன்னு சொல்றேன். இதுவரைக்கும் 5 முட்டுக்கு அம்மா வந்தாங்க. திடீர்னு வரலைன்னா அவன் முதல்ல செய்யப்போறது 15 முட்டு, அதுவும் ஓங்கி. திறக்காத கதவை நாம இன்னும் பலமா தட்டுவோமே, அது மாதிரி. மூணாம் நாள் நெத்தி கிழிஞ்சதும் யாராவது ஓடிப்போய்த் தூக்குவீங்க. 5 பத்தாது, 15 முட்டினாத்தான் வருவாங்கன்னு அவன் கத்துக்குவான். முன்னைவிட மோசமான இடத்துல போய் நிப்பீங்க.

அந்த முட்டு அவனுக்கு ஏதோ ஒரு வேலையைச் செஞ்சு கொடுக்குது. ஆளை வரவழைக்கலாம். பிடிக்காத வேலையிலிருந்தோ சத்தத்திலிருந்தோ தப்பிக்க வைக்கலாம். பொருளோ தின்பண்டமோ வாங்கிக் கொடுக்கலாம். இல்லைன்னா, யாரும் பக்கத்துல இல்லாதப்பவும் உடம்புக்கு ஒரு உணர்வைக் கொடுக்கலாம். இந்த நாலுல எதுன்னு தெரியாம கை வச்சா, ஒரு வீட்டுல பலிச்ச வழி அடுத்த வீட்டுல நிலைமையைக் கெடுத்துடும்.

அதனால முதல்ல நோட்டு. ஒரு வாரம் போதும். மணி, இடம், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நடந்தது, எத்தனை முட்டு, அடுத்த ஒரு நிமிஷத்துல மத்தவங்க செஞ்சது. இவ்வளவுதான். "கோபம் வந்துச்சு", "வேணும்னே செஞ்சான்"னு எழுதாதீங்க. வீடியோ எடுத்தா கண்ணுக்குத் தெரியுறது மட்டும் வரட்டும். அம்மா தறியில இருந்தும் அவன் சும்மா இருந்த நேரத்தையும் எழுதுங்க. பலபேர் இதை விட்டுடுவாங்க, துப்பே அங்கதான் இருக்கும்.

3. குழந்தைநல செவிலி

நோட்டு எழுதுற அதே வாரத்தில் உடம்பையும் பார்த்துவிடுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு வலி வந்தால் அது நடத்தையாகத்தான் வெளியே வரும். காதுக்குள் சீழ், சொத்தைப்பல், மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு, இந்த ஐந்தையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். "தினமும் போகிறான்" என்பதை நம்பிவிடாதீர்கள். ஆட்டுப்புழுக்கை மாதிரி கெட்டியாகப் போனாலும், உள்ளாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தாலும் உள்ளே கட்டிக்கிடக்கிறது என்று பொருள். 10 வயதைத் தாண்டிய பெண்பிள்ளை என்றால், முரண்டு பிடிக்கும் நாட்களை மாதக் காலண்டரில் வட்டம் போட்டுப் பாருங்கள். மாதவிலக்கு வலியோடு அது ஒத்துப்போவது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

தலையை முட்டிய பிறகு வாந்தி, வழக்கத்தை மீறிய மயக்கத் தூக்கம், வலிப்பு, நடை தள்ளாடுவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வருவது, இதில் எது இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

4. தார்சுத்தி

டாக்டர்கிட்ட காட்டியாச்சுங்க. காது சுத்தம், பல்லு சரி. மலச்சிக்கல் இருந்துச்சு, மருந்து கொடுத்திருக்காங்க. போறது சரியானதும் ராத்திரித் தூக்கம் நல்லாயிடுச்சு, ஆனா முட்டு நிக்கல. நோட்டிலிருந்து முக்கியமான அஞ்சு:

திங்கள் காலை 6.20. அம்மா தறியைப் போட்டாங்க, பாட்டி அடுப்படியில. 7 முட்டு. அம்மா நிறுத்திட்டு வந்து தூக்கினாங்க, நின்னுது.

திங்கள் 10.05. கரண்ட் போய் தறி நின்னுது. அம்மா துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போனாங்க. 4 முட்டு. அம்மா வந்ததும் நின்னுது.

செவ்வாய் 7.10. அம்மா தறியில. பக்கத்து வீட்டுப் பொண்ணு டம்ளர்ல தண்ணி ஊத்தி ஊத்தி அவனோட விளையாடினா. 25 நிமிஷம் ஒண்ணுமில்ல.

புதன் மாலை 5.40. அப்பா தறியில, அவன் அம்மா மடியில. 40 நிமிஷம் முட்டல. காதை மட்டும் ரெண்டு தடவை பொத்தினான்.

வியாழன் 6.15. அம்மா தறியில. 9 முட்டு. பாட்டி பிஸ்கட் நீட்டினாங்க, தட்டிவிட்டான். அம்மா வந்ததும் நின்னுது.

5. குகை ஸ்பெஷல் எஜுகேட்டர்

அருமையா எழுதியிருக்கீங்க. திங்கள் 10.05-ஐயும் புதன் 5.40-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சத்தம் இல்ல, அம்மாவும் இல்ல: முட்டினான். சத்தம் இருக்கு, அம்மாவும் இருக்காங்க: முட்டல. பிஸ்கட் வேண்டாம்னுட்டான், அதனால தின்பண்டத்துக்கும் இல்ல. செவ்வாய்க்கிழமை வேற ஆள் கூட இருந்து அவனுக்குப் பிடிச்ச விளையாட்டும் இருந்தப்போ அம்மா இல்லாமலே 25 நிமிஷம் ஓடியிருக்கு. ஆக, முட்டு ஆளைக் கூப்பிடுறதுக்கு. அதுலயும் அம்மாவை. பேசத் தெரிஞ்ச பிள்ளை "அம்மா, வா"ன்னு கூப்பிடும். இவனுக்குச் சுவரைத்தவிர வேற வழி தெரியல.

அதே வேலையைச் செய்யுற, ஆனா முட்டுறதைவிட லேசான, முட்டுறதைவிட சீக்கிரம் பலன் கொடுக்கிற ஒண்ணை அவன் கையில கொடுக்கணும். 1985-ல கார், டூரண்ட்னு ரெண்டு பேர் இந்த முறையை ஆராய்ச்சியா எழுதினாங்க. அதுக்கப்புறம் பல நாட்டுல செஞ்சு பார்த்து நிலைச்ச முறை இது.

சாதாரணமா மணியோ பட அட்டையோ சொல்லுவேன். தறிச் சத்தத்துல மணி கேக்காது. அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்னா பிள்ளை தறிப்பக்கம் போகணும். ரெண்டும் இங்க ஆகாது. தட்டினா எரியுற பேட்டரி விளக்கு ஃபேன்சி ஸ்டோர்ல கிடைக்கும், உள்ளங்கை அகலம். ரெண்டு வாங்குங்க, ஒண்ணு கெட்டா அன்னிக்கே இன்னொண்ணு வேணும். தூக்கி எறியாதபடி ஒரு அடி நீளப் பலகையில திருகிடுங்க. பேட்டரி மூடியில ஸ்க்ரூ இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. பேட்டரியை வாயில போட்டா ஆபத்து.

6. ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) செவ்வாய்ப்பேட்டை

கற்றுக்கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இடத்தை மாற்றிவிடுங்கள். பாயைச் சுவரிலிருந்து 4 அடி தள்ளிப் போடுங்கள். முட்டணும் என்றால் எழுந்து போக வேண்டியிருக்கும், அந்த நாலு எட்டு வைக்கும் நேரத்தில் பெரியவர் இடையில் வந்துவிடலாம். அவன் வழக்கமாக முட்டும் சுவரில் அவன் தலை உயரத்துக்கு 2 இன்ச் ஃபோமைத் துணி உறை போட்டு அடித்துவிடுங்கள். அப்படியும் முட்டினால் சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணையோ உங்கள் உள்ளங்கையோ போக வேண்டும். பேச்சு வேண்டாம், அதட்டல் வேண்டாம், முகத்தில் பதற்றமும் வேண்டாம். காப்பாற்றுவது கட்டாயம். அதைப் பெரிய நிகழ்ச்சியாக ஆக்காமல் காப்பாற்றினால் போதும்.

காது பொத்தியதைச் சும்மா விடாதீர்கள். முட்டுக்குக் காரணம் அம்மா என்றாலும் சத்தமும் அவனை உறுத்துகிறது. உறுத்தல் ஏற ஏற அம்மாவின் தேவையும் ஏறும். ஹெட்ஃபோன் மாதிரி காதுமூடி வாங்கலாம். முதல் நாள் தறி நிற்கும்போது 10 வினாடி மட்டும் மாட்டி, அவனே கழற்றுவதற்கு முன்னால் நீங்கள் கழற்றிவிடுங்கள். பிறகு 30 வினாடி, ஒரு நிமிஷம் என்று ஏற்றுங்கள். தறி ஓடும்போது மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டினால் சாதாரணச் சத்தமும் கூசத் தொடங்கும். எடை வைத்த ஜாக்கெட் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அதற்குப் பலன் உண்டு என்று ஆராய்ச்சிகளில் உறுதியாகவில்லை. அந்தக் காசில் ஃபோமும் காதுமூடியும் வாங்கிவிடலாம்.

7. குகை ஸ்பெஷல் எஜுகேட்டர்

இப்போ விளக்கு. முதல் மூணு நாள் தறி நிக்கிற நேரத்துல மட்டும். ரெண்டு பெரியவங்க வேணும். அம்மா அவனுக்கு 3 அடி தள்ளி, வேற பக்கம் திரும்பி உக்காரட்டும். பாட்டி அவன் பின்னாடி. பாட்டி வாயே திறக்கக்கூடாது. அவன் கையை மெதுவா எடுத்து விளக்கை அமுக்க வைக்கணும். விளக்கு எரிஞ்ச 2 வினாடிக்குள்ள அம்மா திரும்பி, முகமெல்லாம் சிரிப்போட "வந்துட்டேன்"னு சொல்லி, அவனுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படித் தூக்கியோ கிச்சுகிச்சு மூட்டியோ 15, 20 வினாடி. அப்புறம் விளக்கை அணைச்சுட்டு மறுபடி திரும்பி உக்காரணும். ஒரு உக்காருக்கு, அதாவது ஒரு தடவை உக்கார்ந்து செய்யுற பாடத்துக்கு, 10 தடவை, ஒரு நாளைக்கு மூணு உக்கார்.

பாட்டி "அமுக்குடா கண்ணு"ன்னு சொல்லிட்டா அவன் நாளைக்கு அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பான், தானா அமுக்க மாட்டான். அதுக்குத்தான் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்றேன். கை உதவியை முழங்கைத் தொடுதலாக் குறைங்க, அப்புறம் சும்மா 3 வினாடி காத்திருங்க. ரெண்டு உக்கார் தொடர்ந்து 10-க்கு 8 தானா அமுக்கினா அம்மா 6 அடிக்குப் போகலாம், அடுத்து வாசப்படி, அடுத்து தறிக்கட்டு, கடைசியில ஓடுற தறி. ஒரு இடத்துல தடுமாறினா முந்தின இடத்துக்கே திரும்புங்க.

பெரும்பாலும் கெடுறது எங்கன்னா, அவன் முட்டின பிறகு கையைப் பிடிச்சு விளக்கை அமுக்க வைக்கிறது. "முதல்ல முட்டு, அப்புறம் அமுக்கு, அம்மா வருவாங்க"ன்னு ஒரே சங்கிலியா மனசுல பதிஞ்சுடும். முட்டுறதுக்கு முன்னாடி வர்ற அறிகுறியைப் பிடிங்க: எழுந்திரிக்கிறான், அம்மா இருக்கிற பக்கம் பார்த்து ஒரு முனகல், இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். அந்த நொடியில கை விளக்குக்குப் போகணும். முந்திக்கிட்டு முட்டிட்டா, தலையைக் காப்பாத்தி, 5 வினாடி அமைதியானதும் மட்டும் விளக்கு.

முதல் வாரம் தறி முழுக்க நிக்க வேண்டியதில்ல. பாடத்துக்குத் தேவையான நேரம் மட்டும் நிறுத்தினாப் போதும். மீதி ஓடுற நேரத்துல செவ்வாய்க்கிழமை மாதிரி பக்கத்துல ஆளும் தண்ணி டம்ளரும் இருந்தாப் போதும்.

8. நாடாவும்பாவும்

தறி விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். நாடா (ஊடைநூலைக் குறுக்க இழுத்துட்டு ஓடுற கட்டை) தெறிச்சா பெரியவங்களுக்கே எலும்பு உடையும். பெல்ட்டும் அடிக்கிற கட்டையும் பிள்ளை கை எட்டுற உயரத்துலதான் இருக்கு. தறிக்கட்டுக்கும் பாய்க்கும் நடுவுல இடுப்பு உயர அரைக்கதவு, வெளிப்பக்கத் தாழ்ப்பாள், இது இல்லாம பாடத்தைத் தொடங்காதீங்க. அம்மா நிக்கிற இடத்திலிருந்து தலையைத் திருப்பாம விளக்கு தெரியுற மாதிரி பலகையை வைங்க. தறிக்காலுக்கு அடியில ரப்பர் பேட் வச்சா தரை அதிர்வு குறையும்.

அப்புறம், தார் (நாடாவுக்குள்ள வைக்கிற ஊடைநூல் குச்சி) தீர்ந்ததும் மாத்த எப்படியும் தறியை நிறுத்தத்தானே போறோம்? புதுத் தாரைப் போடுறதுக்கு முன்னாடி நாலு எட்டு வச்சுப் போய் அவன் முதுகைத் தடவிட்டு வந்தா கூலியில பெரிசா இடிக்காது. கேக்காமலே கிடைச்சா கேக்குறது குறையும்ல?

9. குகை ஸ்பெஷல் எஜுகேட்டர்

தங்கமான யோசனை. கேக்காமலே, நேரக் கணக்குல கொடுக்கிறதுக்குத் தனி முறையே இருக்கு. கணக்கு மட்டும் சரியா இருக்கணும். நோட்டுப்படி அம்மா தறிக்குப் போய் சராசரி 10 நிமிஷத்துல முட்டுறான்னா, அம்மா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கணும். தார் ஓடுற நேரம் அதைவிட நீளம்னா அதுக்காகக் காத்திருக்க வேண்டாம், நடுவுல ஒரு தடவை போங்க. மூணு நாள் அமைதியா போனா ஒரு நிமிஷம் கூட்டுங்க. அவன் முட்டிட்டு இருக்கிற அதே நொடியில போய் முதுகைத் தடவாதீங்க. அப்போ தலையைக் காப்பாத்துறது பாட்டி வேலை.

10. சூரமங்கலம் அப்பா

விளக்கை அமுக்கினதும் ஒரு துண்டு தட்டுவடை கொடுத்தா இன்னும் சீக்கிரம் கத்துக்க மாட்டானா? எங்க பக்கத்துல எல்லா தெரபியும் தின்பண்டத்துலதான் ஓடுது.

11. குகை ஸ்பெஷல் எஜுகேட்டர்

இங்க வேண்டாங்க. விளக்குக்கு அர்த்தம் "அம்மா வா". தட்டுவடை வந்தா அர்த்தம் மாறிடும், அம்மா வேணும்கிறப்போ மறுபடி சுவருக்குத்தான் போவான். பல் தேய்க்கிறது, காதுமூடி மாட்டுறது மாதிரி நாம கேக்குற வேலைகளுக்குத் தின்பண்டம் வைக்கலாம். அப்பவும் சட்னி இல்லாம, சுண்டுவிரல் நக அளவு. சரியா மெல்லத் தெரியாத பிள்ளைக்குத் தட்டுவடை தொண்டையில நிக்கும், பொரி கொடுங்க. அந்தப் பண்டம் மத்த நேரத்துல வீட்டுல கிடைக்கக் கூடாது. எப்பவும் கிடைக்கிறதுக்காக யார் மெனக்கெடுவா?

12. நாகலூர் மலை

ஏற்காடு எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வாரம் ஒரு முறை சேலத்துக்கு தெரபிக்கு இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ்ஸிலேயே அலறி, தன் கையைக் கடித்து, தெரபிக்கு வரும்போதே ஓய்ந்து போயிருப்பார்கள். இதற்கும் நோட்டு முறைதான். வளைவில் குமட்டலா, கூட்டமா, எப்போது முடியும் என்று தெரியாததா என்று முதலில் பிரியுங்கள். குமட்டல் என்றால் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இட்லி மாதிரி லேசான சாப்பாடு, முன்பக்கத்து சீட்டு, கையில் செல்போன் வேண்டாம்.

எப்போது முடியும் என்று தெரியாததுதான் காரணம் என்றால் மலைப்பாதையே கை கொடுக்கும். 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு எண் பலகை. தடித்த நூலில் 20 பெரிய மணி கோத்து, ஒரு வளைவு திரும்பியதும் ஒரு மணியைத் தள்ளச் சொல்லுங்கள். கடைசியில் தெரபி அறையின் படம் ஒன்று தொங்கட்டும். வளைவுகள் சம தூரத்தில் இல்லை என்பதால் நடுவில் பிள்ளை தவிக்கும். அப்போது அடுத்த மணியைத் தொட்டுக் காட்டினால் போதும். அடிவாரத்திலிருந்து ஊருக்குள் வரும் தூரத்துக்கு 4 மணி வேறு நிறத்தில் கோத்துவிடுங்கள். அதை மறந்தால் 20 முடிந்ததும் "இறங்கணும்" என்று ரகளை ஆகிவிடும்.

கை கடிக்கும் பிள்ளைக்கு வேப்பெண்ணெயோ மிளகாய்த்தூளோ தடவுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கண்ணைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கடிக்க வேண்டிய காரணம் உள்ளேயே இருக்கும், அடுத்து வேறு இடத்தைக் கடிக்கும்.

13. தார்சுத்தி

12 நாள் ஆச்சுங்க. 5-ஆம் நாளே தானா அமுக்க ஆரம்பிச்சுட்டான். முட்டு ஒரு நாளைக்கு 2-க்கு இறங்கிடுச்சு. ஆனா இப்போ ஒரு மணி நேரத்துல 40 தடவை அமுக்குறான்! தறியே ஓட்ட முடியலன்னு நேத்து பாட்டி விளக்கை எடுத்து பீரோ மேல வச்சுட்டாங்க. சாயங்காலம் 11 முட்டு.

14. குகை ஸ்பெஷல் எஜுகேட்டர்

பாட்டி மேல தப்பில்ல, எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். இப்பவே கீழ எடுத்து வைங்க. அந்த விளக்கு அவன் வாய். 40 தடவை அமுக்குறான்னா பாடம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். இனி காத்திருக்கக் கத்துக்கொடுக்கணும்.

சிவப்பு அட்டை ஒண்ணு, உள்ளங்கை அளவு. அவன் அமுக்கினதும் அம்மா அவனைப் பார்த்து அட்டையைக் காட்டி "இரு"ன்னு சொல்லி, 2 வினாடி கழிச்சுப் போகணும். அன்னிக்கு முழுக்க 2 வினாடிதான். மறுநாள் 5, அப்புறம் 10, 20, 40, ஒரு நிமிஷம். பத்துல எட்டு தடவை அமைதியா இருந்தா மட்டும் அடுத்த படி. காத்திருக்கும்போது அவன் கை சும்மா இருக்கக் கூடாது, தண்ணி டம்ளரை அந்த நேரத்துக்குன்னே எடுத்து வைங்க. முடியுற நேரம் அவன் கண்ணுக்குத் தெரியணும், மணல் கடிகாரம் நல்லது. ரெண்டு வினாடியிலிருந்து நேரா அஞ்சு நிமிஷத்துக்குத் தாவினா சுவருக்குத் திரும்புவான். எப்பவாவது நூல் அறுந்து வரவே முடியலைன்னா, பாட்டி போய் அவனோட உக்காரட்டும்.

வாசல்ல ஒரு தாள் ஒட்டுங்க, பெரிய எழுத்துல மூணே வரி: அமுக்கினா போ. முட்டினா தலையைக் காப்பாத்து, பேசாதே. விளக்கை எடுக்காதே. அப்பா, பாட்டி, வந்துபோற சித்தி எல்லாருக்கும் அதே மூணு வரி. நாலு பேர் நாலு விதமா செஞ்சா, எப்போதாவது பலிக்கிற முட்டாகிடும். எப்போதாவது பலிக்கிற பழக்கம்தான் விடவே விடாது.

15. சூரமங்கலம் அப்பா

ரிஸ்பெரிடோன் கொடுத்தா இதெல்லாம் வேண்டாம்கிறாங்களே? உதவித்தொகை, அரசு சலுகை பத்தியும் யாராவது சொல்லுங்க.

16. குழந்தைநல செவிலி

ரிஸ்பெரிடோன் ஆட்டிசத்தைக் குணமாக்காது. கடுமையான எரிச்சல், தாக்குதல், சுயகாயம் இருக்கும்போது மனநல அல்லது நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுப்பது. பசி எகிறும், எடை கூடும், தூங்கி வழியலாம். அதனால் எடையும் ரத்தச் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கவே கூடாது. மருந்து பிள்ளையை அமைதிப்படுத்தலாம், அம்மாவைக் கூப்பிடும் வழியை அது கற்றுக்கொடுக்காது.

மற்றவை சுருக்கமாக. யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) முதலில் எடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். உதவித்தொகைக்குக் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசத்துக்குப் பொருந்தும், ஆண்டுக்கு 1 லட்சம் வரை.

17. தார்சுத்தி

விளக்கு திரும்ப வந்தாச்சு. "இரு" 20 வினாடிக்கு வந்திருக்கு. நேத்து ஒரு முட்டுகூட இல்ல. ஆடியில மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு (சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டியில வர்ற ஊர்வலம்) அவனையும் கூட்டிட்டுப் போகணும்னு எல்லாருக்கும் ஆசை. மேளம், வெடி, கூட்டம். போகலாமா?

18. ஓ.டி. செவ்வாய்ப்பேட்டை

தாராளமாகக் கூட்டிப் போங்கள், இப்போதே தயார் பண்ணுங்கள். போன வருஷ வண்டி வேடிக்கை வீடியோவைச் செல்போனில் கேட்டும் கேட்காத சத்தத்தில் 2 நிமிஷம், அவனுக்குப் பிடித்த தண்ணி விளையாட்டின்போது ஓடவிடுங்கள். காதைப் பொத்தாமல் மூன்று நாள் போனால் சத்தத்தை ஒரு படி கூட்டுங்கள். அன்றைக்கு மேளத்திலிருந்து ஒரு தெரு தள்ளி நில்லுங்கள். வெடி போடும் இடம் எது என்று முன்கூட்டியே கேட்டுவைத்து அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள். முதல் தடவை 10 நிமிஷம், அவன் நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். அழுத பிறகு கிளம்பினால் "அழுதால் வீட்டுக்குப் போகலாம்" என்று ஆகிவிடும். காதுமூடி, தண்ணீர், மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும். விளக்குப் பலகையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கூட்டத்துக்கு நடுவில் அவன் அமுக்கினால் அங்கேயும் அம்மா உடனே குனிந்து முகம் காட்ட வேண்டும்.